அரை மணி நேரம் ஓடின பிறகு பிக்கப் போயிடுது, 3000 ஆர்பிஎம் தாண்டினா இழுக்கல (பெட்ரோல்)

மூன்றாம்கியர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், மேனுவல் கியர், டர்போ கிடையாது. 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு.

காலைல எடுக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. தெருவுக்குள்ள ஓட்டினாலும் தெரியாது. நெடுஞ்சாலைல அரை மணி நேரம் ஓடின பிறகு, முன்னால போற லாரியைத் தாண்டலாம்னு மூணாவது கியருக்கு இறக்கி மிதிச்சா 3000 வரைக்கும் நல்லா ஏறுது. அதுக்கு மேல யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு. மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகுது. காலைக் கொஞ்சம் எடுத்துட்டுப் பாதி மிதிச்சா திரும்ப ஓடுது. போன வாரம் லாரிக்குப் பக்கவாட்டுல போய் அப்படியே தொங்கிட்டேன், எதிர்ல வண்டி வருது. அதிலிருந்து ஓவர்டேக்னாலே பயம்.

ஓரமா நிறுத்திப் பத்து நிமிஷம் ஆற விட்டா சரியாயிடும். அப்புறம் கொஞ்ச தூரத்துல மறுபடி அதே கதை.

செக் எஞ்சின் லைட் எரியல. இதுவரை நாலு பிளக், ஏர் ஃபில்டர், மெக்கானிக் சொன்னார்னு ஒரு இக்னிஷன் காயில் மாத்தியாச்சு. ஒரு மாற்றமும் இல்ல. அடுத்து என்ன மாத்தலாம்?

புகைக்குழல்

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சைலன்சர் பைப்ல புகையைச் சுத்தமாக்குற பாகம்) அடைச்சிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு சொல்றேன். எனக்கும் இதே மாதிரிதான், மேல ஏறவே ஏறாது. கழட்டிப் பார்த்தா உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிற பீங்கான் உருகிக் கட்டியா கிடந்தது. மிஸ்ஸிங் (சிலிண்டர் சில நேரம் எரியாம விடுறது) இருந்ததைக் கண்டுக்காம மாசக்கணக்கா ஓட்டினதுக்கு வந்த பலன்.

பழையஸ்பேனர்

கண்ணைத் திறந்துக்கிட்டு சொல்லுங்க புகைக்குழல், இன்னும் ஒண்ணுமே பார்க்கல.

தம்பி மூன்றாம்கியர், மாத்துறதை முதல்ல நிறுத்து. மூணு கேள்விக்கு பதில் சொல்லு. இழுக்காதபோது ஆர்பிஎம் முள் மேல போகுதா, வேகம் மட்டும் ஏறலையா? அப்படின்னா எஞ்சின் பாவம், கிளட்ச் ஸ்லிப் ஆகுது. ரெண்டாவது, சமமான ரோட்டுல நியூட்ரல் போட்டு விட்டா வண்டி சீக்கிரமா நிக்குதா? ஓட்டி முடிச்சதும் நாலு வீலுக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போ (தொடாதே, சுட்டுடும்), ஒண்ணு மட்டும் அனலா அடிக்குதா? பிரேக் பிடிச்சிக்கிட்டே இருந்தாலும் சூடு ஏறினதுக்கு அப்புறம்தான் தெரியும், ஆறினா விட்டுடும். மூணாவது, ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு அடியில தரை மேட் மடிஞ்சு கிடக்குதா? சிரிக்காதே. ரெண்டு வண்டியில பார்த்திருக்கேன், பெடல் முக்கால்வாசிதான் இறங்கும்.

மூன்றாம்கியர்

அண்ணே, ஆர்பிஎம்மும் ஏறல, வேகமும் ஏறல, ரெண்டும் சேர்ந்து நிக்குது. வீல் எல்லாம் ஒரே சூடு. மேட் சரியா இருக்கு, உண்மையாவே குனிஞ்சு பார்த்தேன்.

பழையஸ்பேனர்

அப்ப எஞ்சின் பக்கம்தான். இன்னொண்ணு. பவர் போகும்போது குலுக்கிக் குலுக்கி ஜெர்க் அடிக்குதா, இல்ல பலூன்ல காத்து போற மாதிரி அமைதியா அமுங்குதா?

மூன்றாம்கியர்

பலூன் மாதிரிதான். ஜெர்க் இல்ல.

பழையஸ்பேனர்

காயில், பிளக் கோளாறுன்னா பெரும்பாலும் உதறும். முழு மிதியில சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துல பொறி தாண்டுறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும். பலவீனமான காயில் அங்கதான் கையை விரிக்கும், அதை உடம்பு உணரும். அமைதியா அமுங்குறது பெட்ரோல் பத்தலைங்கிற வாசனை. இது வாசனை மட்டும்தான், தீர்ப்பு இல்ல. டேங்குக்குள்ள பம்ப் உறிஞ்சுற வாயில ஒரு சல்லடை இருக்கும். ஓட ஓட அழுக்கெல்லாம் வந்து அதுல ஒட்டிக்கும். நிறுத்தினா உதிர்ந்து கீழ படியும். உன்னோட பத்து நிமிஷக் கணக்குக்குப் பொருந்துது பாரு.

நீலக்கொடி

பத்து நிமிஷ ஓய்வுக்குப் பொருந்துற இன்னொன்று: டேங்குக்கு மூச்சு விடும் வழி அடைத்திருக்கலாம். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வேண்டும், வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும். அடுத்த முறை பவர் போனதும் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். நன்றாகச் சீறிக்கொண்டு காற்று உள்ளே போனால், உடனே கிளம்பிப் பாருங்கள். பத்து நிமிஷம் காத்திருக்காமலே சரியாகிவிட்டால் அதுதான். செலவில்லாத சோதனை.

டீசல்மாமா

எனக்கும் பிக்கப் இல்ல. டர்போ டீசல். கறுப்புப் புகை கக்குது, மிதிச்சா "உஸ்ஸ்"னு ஒரு சத்தம். ஸ்கேன்ல பி0299 வருது. நானும் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவா?

பழையஸ்பேனர்

மாமா, உங்களுது வேற ஜாதி வியாதி. பி0299னா டர்போ கொடுக்க வேண்டிய காத்தழுத்தம் கிடைக்கலைன்னு அர்த்தம். சத்தம், கறுப்புப் புகை, இந்தக் கோடு மூணும் சேர்ந்தா முதல்ல டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிற பாகம்) போற ரப்பர் ஹோஸ், அங்கிருந்து எஞ்சினுக்குப் போற ஹோஸ், ரெண்டையும் தடவிப் பாருங்க. எண்ணெய் ஈரமா இருக்கிற இடத்துல கிழிசலோ கழண்ட கிளாம்ப்போ இருக்கும். டர்போவே போச்சுன்னு யாராவது சொன்னா, ஹோஸ் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. மிச்சத்தைத் தனி இழையில பேசலாம்.

மூன்றாம்கியர்

நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன். லேசா ஒரு மூச்சு, அவ்வளவுதான். உடனே கிளம்பினேன், இழுக்கல. பத்து நிமிஷம் நின்ன பிறகுதான் சரியாச்சு.

இன்னொரு விஷயம், முக்கியமான்னு தெரியல. ரெண்டு மாசம் முன்னால ஒரு நண்பன் சொன்னான்னு ஃபியூயல் பம்ப் ரிலேயை (பம்ப்புக்குக் கரண்ட் விடுற மின் சுவிட்ச்) கழட்டி, அதே மாதிரி இருக்கிற ஹாரன் ரிலேயோட இடம் மாத்திப் போட்டேன். ரெண்டு நாள் வண்டி சூப்பரா போச்சு. மூணாவது நாள் பழைய குருடி கதவைத் திறடி. அதனால ரிலே நல்லா இருக்குன்னு விட்டுட்டேன்.

சும்மாகேக்கிறேன்

கார்பன் படிஞ்சிருக்கும் ப்ரோ. ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனர் ஊத்தி, ரெண்டாவது கியர்ல ரெட் லைன் வரைக்கும் அடிச்சு ஓட்டுங்க. எல்லாம் பறந்துடும்.

பழையஸ்பேனர்

கார்பன் பத்து நிமிஷத்துல கரைஞ்சு, அரை மணி நேரத்துல திரும்பப் படியாது.

ஓம்விதி

தாமதமாக வருகிறேன். லைட் எரியவில்லை என்பதால் கணினிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒரு ஓபிடி அடாப்டரை (வண்டியின் கணினியோடு போனை இணைக்கும் சின்னக் கருவி) மாட்டினால் போன் திரையிலேயே நேரடி எண்கள் தெரியும். லைட் எரிய, கோளாறு பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து தெரிய வேண்டும். முதல் முறை பார்த்தது "பெண்டிங்" என்ற தலைப்பில் காத்திருக்கும். அதை முதலில் பாருங்கள்.

பிறகு பதிவு எடுங்கள். நிற்கும் வண்டியில் ரேஸ் செய்து பார்ப்பதில் பயனில்லை. சுமை இல்லாமல் 4000 ஆர்பிஎம் போக எஞ்சினுக்கு மிகக் கொஞ்சம் காற்றும் பெட்ரோலும் போதும். கோளாறு வரும் அந்த நொடியில், அந்தச் சூட்டில், அந்த மிதியில் எடுத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். ஆளில்லாத நேரான சாலை வேண்டும். ஓவர்டேக் செய்துகொண்டே சோதனை வேண்டாம்.

ஐந்து எண்களுக்கு மேல் தேர்வு செய்யாதீர்கள். எளிய அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும், பட்டியல் நீண்டால் ஒரு சுற்று வருவதற்குள் சம்பவமே முடிந்துவிடும். ஆர்பிஎம், மேப் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் வழியில் உள்ள காற்றழுத்தம்), த்ராட்டில் சதவீதம் (காற்று வழி எவ்வளவு திறந்திருக்கிறது), முன் ஆக்ஸிஜன் சென்சார் வோல்டேஜ், ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம் (சென்சாரைப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு). ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை, கோளாறு வந்த பிறகு ஒரு முறை, இரண்டும் மூன்றாம் கியரில் 2000 முதல் 5000 வரை முழு மிதி.

ரிலே சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. பிறகு வருகிறேன்.

மூன்றாம்கியர்

பெண்டிங்ல பி0171 இருக்கு!! லீன் மிக்ஸ்ச்சர்னு (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) காட்டுது.

தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து பதிவு எடுத்தா. பத்தாவது நிமிஷம்: முழு மிதியில மேப் 97 கிலோபாஸ்கல், ஆக்ஸிஜன் சென்சார் 0.88 வோல்ட், 5000 வரைக்கும் அசையல. நாற்பதாவது நிமிஷம்: மேப் அதே 97. சென்சார் 0.85ல ஆரம்பிச்சு, 3200 ஆர்பிஎம்ல பொத்துனு 0.06க்கு விழுந்து, காலை எடுக்கிற வரைக்கும் அங்கேயே கிடந்தது. டிரிம் முழு மிதியில 0, மாறவே இல்ல. டிரிம் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஓம்விதி

அருமையான பதிவு, தங்கைக்கு என் நன்றி.

டிரிம் நல்லா இருக்கிறது என்று அர்த்தமில்லை. முழு மிதியில் பெரும்பாலான எஞ்சின்களின் கணினி ஆக்ஸிஜன் சென்சார் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, முன்கூட்டி எழுதிய கணக்குப்படி சற்று அதிகமாகவே பெட்ரோல் ஊற்றும். அந்நேரம் டிரிம் உறைந்து நிற்கும். ஆனால் சென்சார் அளப்பதை நிறுத்துவதில்லை. 0.8க்கு மேல் இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), அது முழு மிதியில் இருக்க வேண்டிய நிலை. 0.06 என்றால் ஊற்றச் சொன்ன பெட்ரோல் வரவில்லை.

மேப் 97 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம், அதாவது ஏர் ஃபில்டரும் த்ராட்டில் வழியும் திறந்தே இருக்கின்றன. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல். மலைமேல் இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டாம், உயரம் கூடக் கூடக் குறையும். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது மேப் எவ்வளவு காட்டுகிறதோ அதோடு ஒப்பிடுங்கள்.

புகைக்குழல்

கன்வர்ட்டர் அடைச்சாலும் மேப் உயரமாத்தான் நிக்கும். நான் இன்னும் விடல.

ஓம்விதி

நிற்கும், சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இவர் வண்டியில் காற்றை எடைபோடும் சென்சார் இல்லை, மேப்பை வைத்துத்தான் கணக்கு. புகை வெளியேற வழியில்லாமல் சிலிண்டருக்குள் தங்கினால் புதுக்காற்று குறைவாகவே நுழையும். கணினியோ மேப்பைப் பார்த்து "காற்று நிறைய வந்துவிட்டது" என்று நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சென்சார் ரிச் பக்கம் சாய வேண்டும். இங்கே லீன். அதுவும் பத்து நிமிடத்தில் குணமாகிறது.

புகைக்குழல்

உடைஞ்ச பீங்கான் துண்டு உள்ள உருண்டு சில நேரம் அடைக்கும், சில நேரம் விலகும். அதையும் பார்த்திருக்கேன். ஆனா லீன்னு நீங்க சொன்ன பிறகு... சரி. இருந்தாலும் முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டைல அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்ல பாருங்க. 0.2 பாருக்கு மேல காட்டினா என்னை நினைச்சுக்கோங்க.

பழையஸ்பேனர்

லீன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால ஒரு முட்டுக்கட்டை போடுறேன். ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலை அளக்கிறது இல்ல, மிச்சமிருக்கிற ஆக்ஸிஜனைத்தான் அளக்குது. ஒரு சிலிண்டர் எரியாம விட்டா, அதோட காத்து முழுசும் எரியாம வெளிய வரும். சென்சார் அதைப் பார்த்து லீன்னு பொய் சொல்லும். அதனால பெட்ரோல் அழுத்தத்தை நேரா அளந்தாத்தான் காயில் மேல இருக்கிற சந்தேகம் தீரும்.

கேஜ் மாட்டி, நீளமான ஹோஸ் போட்டு, கேஜை வைப்பருக்கு அடியில கண்ணாடிக்கு வெளிய செருகி டேப் ஒட்டு. உள்ள உட்கார்ந்தே படிக்கலாம். ஹோஸை வண்டிக்குள்ள கொண்டு வந்துடாதே, பெட்ரோல் விளையாட்டு இல்ல. லைனைக் கழட்டுறதுக்கு முன்னால அழுத்தத்தை இறக்கணும், எஞ்சின் ஆறியிருக்கணும், பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும். பழக்கமில்லைன்னா ஒர்க்‌ஷாப்ல கொடுத்துச் செய். இதுல வீரம் வேண்டாம்.

மூன்றாம்கியர்

ஒர்க்‌ஷாப்லயே செஞ்சோம், நான் பக்கத்துல உட்கார்ந்து படிச்சேன். என் வண்டிக்கு மேனுவல்ல 3.8 பார். ஐட்லிங்ல 3.8, சரியா இருந்தது. சூடாகுறதுக்கு முன்னால முழு மிதியில 3.7. நாற்பது நிமிஷம் கழிச்சு ஐட்லிங்ல அதே 3.8, முழு மிதியில 3200 தாண்டினதும் சரசரன்னு இறங்கி 2.1. அப்பவே பவர் காலி. கன்வர்ட்டருக்கும் கேஜ் வெச்சாங்க, 2500ல 0.05 பார்தான். (புகைக்குழல் அண்ணே, நினைச்சுக்கிட்டேன்.)

ஒர்க்‌ஷாப்ல பம்ப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. டேங்கை இறக்கி பம்ப், சல்லடை எல்லாம் முழு செட்டா மாத்தணுமாம். நாளைக்கு ஆர்டர் போடப்போறேன். எல்லாருக்கும் நன்றி!

பழையஸ்பேனர்

பம்ப்போ சல்லடையோதான். நான் முதல்லயே சொன்னேன்.

ஓம்விதி

ஆர்டரை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

கேஜ் சொன்னது "அழுத்தம் பத்தவில்லை" என்று மட்டும்தான். ஏன் பத்தவில்லை என்று அதற்குத் தெரியாது. பம்ப் ஒரு மோட்டார். தேய்ந்தாலும் பலம் குறையும், சல்லடை அடைத்தாலும் குறையும், மின்சாரம் சரியாக வராவிட்டாலும் குறையும். மூன்றுக்கும் கேஜில் ஒரே முகம்.

ஐட்லிங்கில் ஏன் 3.8 சரியாக நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த அளவு எஞ்சின் சும்மா நிற்கும்போது மணிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் குடிக்கும். உச்ச சக்தியில் 20 லிட்டருக்கும் மேல். பம்ப் எப்போதும் அதிகமாகவே இறைக்கிறது, மிச்சத்தை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பிவிடுகிறது. அரைப் பலத்தில் ஓடும் பம்ப் கூட முக்கால் லிட்டருக்குத் தாராளம், முள் 3.8ஐக் காட்டும். இருபது லிட்டர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஐட்லிங் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு "பம்ப் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவது அதனால்தான் அடிக்கடி நடக்கிறது.

இப்போது உங்கள் ரிலே கதை. இடம் மாற்றியதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. ரிலே கெட்டிருந்தால் கோளாறு ஹாரனுக்குப் போயிருக்கும். பம்ப் கெட்டிருந்தால் இரண்டு நாள் விடுமுறை கிடைத்திருக்காது. கழற்றி மாட்டியதில் ஏதோ ஒரு தொடுமுனை உரசிச் சுத்தமாகி, கொஞ்ச நாள் நல்லபடி தொட்டிருக்கிறது. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

பின் சீட்டுக்கு அடியில் பம்ப்பின் கனெக்டர் இருக்கும். கோளாறு வந்த சூட்டோடு, எஞ்சின் ஓடும்போதே, கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரியிலும் அதே நேரம் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் 14 வோல்ட்டே காட்டும், ஏமாறாதீர்கள். மின்னோட்டம் போகாத வயரில் வோல்டேஜ் இழப்பு தெரியாது.

மூன்றாம்கியர்

சூட்டோட அளந்தேன். பேட்டரில 14.1. பம்ப் கனெக்டர்ல 10.5!

ஓம்விதி

3.6 வோல்ட் வழியில் எங்கோ விழுகிறது. இந்த மாதிரி சர்க்யூட்டில் மொத்தமாக அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே நான் தேட ஆரம்பிப்பேன்.

இனி வேட்டைதான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று பம்ப்பின் எர்த் வயரில்: எர்த் பக்க இழப்பு. அதேபோல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப்பின் பாசிட்டிவ் வரை. எது பெரியதோ அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். முழுவதும் சூட்டில், பம்ப் ஓடும்போது.

மூன்றாம்கியர்

எர்த் பக்கம் 0.15. பாசிட்டிவ் பக்கம் 3.45. பேட்டரிலிருந்து ரிலே சாக்கெட்டுக்கு உள்ள வர்ற வயர் வரைக்கும் 0.08. ரிலேயிலிருந்து வெளிய போற வயர்ல ஆரம்பிச்சு பம்ப் வரைக்கும் 0.17. நடுவுல, உள்ள வர்ற வயருக்கும் வெளிய போற வயருக்கும் இடைல 3.2!

ரிலேயைப் பிடுங்கினேன், விரல் சுட்டுடுச்சு. ஒரு கால் மட்டும் பழுப்பா கருகியிருக்கு. சாக்கெட்ல அந்தக் கால் போற துளையோட பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. உள்ள இருக்கிற தகரம் விரிஞ்சு, காலைப் பிடிக்கவே இல்ல, தொளதொளன்னு இருக்கு. ஹாரன் இடத்துக்குப் போன பழைய பம்ப் ரிலேயோட அதே காலும் கருகியிருக்கு.

பழையஸ்பேனர்

அட.

பம்ப் சாதாரணமா 5 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 3.2 வோல்ட் அங்க விழுந்தா 16 வாட் சூடு, ஒரு சின்னத் தகரத் துண்டுல. சூடானா பிடிப்பு தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும். ஆறினா கொஞ்சம் இறுகும். பத்து நிமிஷக் கணக்கு அதுதான், சல்லடை இல்ல. ஓம்விதி சார், நீங்க ஜெயிச்சீங்க. நான் டேங்கை இறக்கியிருப்பேன், புது பம்ப் போட்டிருப்பேன், அதுவும் 10.5 வோல்ட்லதான் ஓடியிருக்கும்.

சும்மாகேக்கிறேன்

அப்ப பேட்டரிலிருந்து பம்ப்புக்கு நேரா ஒரு வயர் இழுத்துடுங்க ப்ரோ, ரிலேயே வேண்டாம். வேலை முடிஞ்சது.

பழையஸ்பேனர்

டேய் தம்பி, வேண்டாம்! எஞ்சின் நின்னா பம்ப் நிக்கணும், அதுக்குத்தான் அந்த ரிலே கம்ப்யூட்டர் கையில இருக்கு. எங்கயாவது மோதி பெட்ரோல் லைன் அறுந்துச்சுன்னு வை. எஞ்சின் நின்னிருக்கும், உன் பம்ப் மட்டும் பெட்ரோலை ரோட்டுல கொட்டிக்கிட்டே இருக்கும். நேர் வயர்ல ஃபியூஸும் இருக்காது.

ஓம்விதி

சாக்கெட்டில் அந்த ஒரு டெர்மினலை மட்டும் மாற்ற முடியும். அதே அளவு புது டெர்மினல், அதே தடிமன் அல்லது ஒரு படி கூடிய வயர், முறையான கிரிம்பிங் (டெர்மினலை வயரில் இறுக நசுக்கிப் பிடிக்க வைப்பது). வயரில் கருகிய பகுதியை வெட்டிவிடுங்கள். செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் உருகி துளை வடிவம் மாறியிருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். ரிலேயும் புதிது போடுங்கள், கருகிய காலோடு பழையதைச் செருகினால் புது டெர்மினலையும் கெடுக்கும். ஹாரன் இடத்துக்குப் போன ரிலேயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீலக்கொடி

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று யாராவது கேட்பதற்கு முன்: ஃபியூஸ் அதிக மின்னோட்டத்துக்குத்தான் எரியும். மோசமான தொடுமுனை மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் செய்யும். அதனால் பிளாஸ்டிக் உருகினாலும் ஃபியூஸ் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம்கியர்

ஆட்டோ எலெக்ட்ரிஷியன் ஒருத்தர்கிட்ட கொடுத்து சாக்கெட், டெர்மினல், ரெண்டு ரிலே எல்லாம் மாத்தியாச்சு. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு அளந்தேன். பேட்டரி 14.1, பம்ப் 13.7. தங்கச்சி மறுபடி பதிவு எடுத்தா: மூணாவது கியர், முழு மிதி, 5000 வரைக்கும் சென்சார் 0.87லயே நின்னது. பி0171 திரும்ப வரல. நேத்து ரெண்டு லாரியைச் சேர்த்துத் தாண்டினேன்.

அந்த மெக்கானிக் சொல்லி மாத்தின காயிலைக் கழட்டிட்டு, பழைய காயிலைத் திரும்பப் போட்டேன். அதுவும் நல்லாத்தான் ஓடுது. புதுசு இப்ப டிக்கியில ஸ்பேரா கிடக்கு.

டீசல்மாமா

ஹோஸ் கிளாம்ப்தான். இன்டர்கூலர் முனையில கழண்டு தொங்குது, ஹோஸ் மேல எண்ணெய்ப் பிசுக்கு. ஸ்க்ரூ டிரைவரோட ஒரு நிமிஷ வேலை. புகை போச்சு, சத்தம் போச்சு. டர்போ மாத்தணும்னு சொன்ன ஆள்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

சும்மாகேக்கிறேன்

சரி, என் வண்டிக்கு ஒரு சந்தேகம். மேடு ஏறும்போது மிதிச்சா சத்தம் பெருசா வருது, ஆர்பிஎம் முள் விர்ருனு மேல போகுது, ஆனா வண்டி மட்டும் போக மாட்டேங்குது. கருகின வாடையும் வருது. நானும் ரிலே சாக்கெட்டைப் பார்க்கவா?

பழையஸ்பேனர்

முதல் பக்கத்துல நான் கேட்ட முதல் கேள்வியைப் படி. கிளட்ச். புது இழை திற.